கொக்கு எண்ணுவதும் ஒரு படிப்பா?

பொங்கல் கழிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலை பத்து மணிக்கு என் தங்கை சிவகாசியிலிருந்து பஸ் ஏறி விருதுநகருக்கு வந்து நின்றாள். கையில் பை இல்லை, முகத்தில் பவுடர் இல்லை. சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. காப்பி டம்ளரைக் கையில் வாங்கியவள் அதைக் குடிக்கவே இல்லை.

“அக்கா, உம் மக பண்ணுற கூத்தைக் கேட்டியா? எம்.எஸ்ஸி. முடிச்சுட்டா, சந்தோசம். பி.எட். சேரு, ஏதாச்சும் பள்ளிக்கூடத்துல டீச்சரா உக்காருன்னு சொன்னா, கண்மாயில கொக்கு எண்ணப் போறேன்னு சொல்லுதா. எண்ணி முடிக்க அஞ்சு வருசம் ஆகுமாம். அதுக்குப் பேரு ஆராய்ச்சியாம். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரக வந்து பொண்ணு என்ன பண்ணுதுன்னு கேட்டாகன்னா நான் என்னத்தைச் சொல்ல?”

நல்லது செய்தால் அவள் மகள், வம்பு செய்தால் என் மகள். எங்கள் வீட்டில் இது வழக்கம்தான்.

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். தங்கையின் கவலை சிரிக்கிற கவலை இல்லை. சின்ன வயதில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியவள் அவள். கல்யாணத்துக்குப் பிறகு பட்டாசு ஆபீசில் சரம் பின்னுகிறாள். (வெளியூர் வாசகிகளுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.) மகள் படித்த ஒவ்வொரு செமஸ்டருக்கும் கட்டிய பணம் அந்தச் சரத்தில் வந்தது. அப்படிப் படித்த பெண் “கொக்கு எண்ணப் போகிறேன்” என்றால் வயிறு எரியாதா?

அன்று சாயங்காலமே மகளையும் வரச் சொன்னேன். வந்தாள். கழுத்தில் ஒரு பழைய பைனாகுலர் தொங்கியது. அம்மாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நடுவில் நான். அன்று ராத்திரி நாங்கள் பேசியதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். மகளை அறிவியல் படிக்க வைத்திருக்கிற தாய்மார்கள் பலருக்கு இந்தக் கேள்வி என்றைக்காவது வரத்தான் போகிறது.

எண்ணி என்ன ஆகப் போகிறது?

தங்கை கேட்ட முதல் கேள்வி இது. கொக்கு வரும், போகும். எண்ணினாலும் வரும், எண்ணாவிட்டாலும் வரும்!

“அதுதாம்மா இல்லை. எண்ணாம விட்டா, வராமப் போனதே யாருக்கும் தெரியாது” என்றாள் மகள்.

யோசித்துப் பார்த்தேன். எங்கள் சிறு வயதில் ஊர்க் கண்மாயில் தண்ணீர் பெருகினால் நத்தைகுத்தி நாரை எத்தனை இறங்கும்? “நெறைய” என்பேன். இப்போது? “கொறைஞ்சு போச்சு” என்பேன். நெறைய என்றால் எவ்வளவு, எந்த வருஷத்திலிருந்து குறைந்தது, ஏன் குறைந்தது என்று ஓர் அதிகாரி கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கண்மாயைத் தூர்க்க வருகிறவனிடம் ‘நெறைய’ என்ற சொல் செல்லாது. எண்ணிக்கைதான் செல்லும்.

உலக அளவில் நீர்நிலைகளைக் காப்பதற்கென்று ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. 1971-ல் ஈரான் நாட்டில் ராம்சர் என்ற ஊரில் கையெழுத்தானதால் ராம்சர் ஒப்பந்தம் என்றே பெயர். ஒரு நீர்நிலை அந்தப் பட்டியலில் ஏறச் சில அளவுகோல்கள் உண்டு, அவற்றில் ஒன்றாவது பொருந்த வேண்டும். வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகளுக்குக் குறையாமல் அங்கே தங்குவது ஓர் அளவுகோல். ஏதாவது ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்கு அங்கே இருப்பது இன்னொன்று. ஆக, யாரோ ஒருவர் சேற்றில் நின்று எண்ணினால்தான் இந்த இரண்டையும் சொல்ல முடியும். 2022-ல் வேடந்தாங்கல், கூந்தன்குளம் ஆகியவற்றோடு சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் கண்மாய்களும் அந்தப் பட்டியலில் ஏறின. பின்னவை இரண்டும் முதுகுளத்தூர்ப் பக்கம். 1985-ல் ஜில்லா பிரிகிறவரைக்கும் அவர்களும் நாமும் ஒரே ராமநாதபுரத்துக்காரர்கள்தான்.

பறவையைக் காப்பது என்பது படித்தவர்கள் கண்டுபிடித்த சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் 1798-லேயே செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் போய், தங்கள் ஏரிப் பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று உரிமை வாங்கி வந்தார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. கர்நாடகத்தில் மாண்டியா ஜில்லாவில் கொக்கரே பெள்ளூர் என்று ஓர் ஊர். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் அங்கே வீட்டு வாசல் புளியமரங்களில் கூடு கட்டுகின்றன. பிரசவத்துக்குத் தாய் வீடு வருகிற மகள்கள் என்று அந்த ஊரார் அவற்றைச் சொல்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் திருநெல்வேலி ஜில்லா கூந்தன்குளத்தில் பால்பாண்டியும் அவர் மனைவி வள்ளித்தாயும், கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை எடுத்துப் போய் மீன் ஊட்டி வளர்த்தார்கள். அந்த அம்மாள் பட்டம் எதுவும் வாங்கியதில்லை.

“அப்போ பட்டம் எதுக்கு?” என்றாள் தங்கை, விடாமல்.

பட்டம் இல்லாததால் பட்ட பாட்டுக்கு சாலிம் அலியே சாட்சி. இந்தியப் பறவை ஆராய்ச்சிக்குத் தந்தை என்று கொண்டாடப்படுகிறாரே, அவருக்குப் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. அரசாங்க விலங்கியல் ஆய்வுத் துறையில் வேலை கேட்டபோது அதனாலேயே கிடைக்கவில்லை. பிறகு ஜெர்மனிக்குப் போய்க் கற்றுக்கொண்டு திரும்பினால், பம்பாய் மியூசியத்தில் பார்த்த வேலையும் இல்லை. மனைவி தெஹ்மினாவோடு கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குப் போனார். தூக்கணாங்குருவி எப்படிக் குடும்பம் நடத்துகிறது என்று அங்கே உட்கார்ந்து பார்த்து எழுதியதுதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. வேலை இல்லாத கணவர் குருவிக் கூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நம்மில் எத்தனை பேர் பொறுப்போம்? தெஹ்மினா பொறுத்தார். பறவை தேடிப் போன பயணங்களுக்குக் கூடவும் போனார். 1939-ல் அவர் காலமானார்.

அசாமில் ஒரு தாய்

தங்கைக்கு சாலிம் அலி கதை அவ்வளவாக இறங்கவில்லை. “அவுக ஆம்பளை” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். அதனால் பூர்ணிமா தேவி பர்மனின் கதையைச் சொன்னேன்.

அசாம் மாநிலத்தில் காமரூப் பகுதிக்காரர். ஐந்து வயதில், பிரம்மபுத்திரா கரையில் இருந்த பாட்டி வீட்டில் அவரை விட்டுவிட்டார்கள். அப்பா அம்மாவை நினைத்து அழுத குழந்தையைப் பாட்டி வயலுக்கும் சதுப்பு நிலத்துக்கும் கூட்டிப் போய், இது இன்ன நாரை, இது இன்ன கொக்கு என்று காட்டினார். அந்தப் பெண் வளர்ந்து விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்தார். டாக்டர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட விஷயம் ஹர்கிலா என்கிற பெருநாரை.

ஹர்கிலா என்றால் எலும்பை விழுங்குவது என்று அர்த்தம். கிட்டத்தட்ட 5 அடி உயரம், சிறகு விரித்தால் 8 அடி. தலையில் முடி கிடையாது, தொண்டையில் ஒரு பை தொங்கும், பிணமும் குப்பையும் தின்னும். பார்க்க லட்சணமான பறவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கிராமத்து வீட்டுக் கொல்லையில் உள்ள உயரமான கதம்ப மரங்களில் கூடு கட்டிக் குஞ்சுக்கு இரை கொண்டுவரும்போது, அழுகின இறைச்சித் துண்டு முற்றத்தில் விழும். நாற்றம் குடலைப் பிடுங்கும். அபசகுனம் என்று அந்த ஊர்க்காரர்கள் மரத்தையே வெட்டிவிடுவார்கள். நம் வீட்டு முற்றத்தில் விழுந்தால் நாமும் அதைத்தான் செய்வோம்!

2007-ல் தாதரா என்ற கிராமத்தில் அப்படி ஒரு மரத்தை வெட்டினார்கள். கூட்டோடு ஒன்பது குஞ்சுகள் விழுந்தன. ஓடிப் போய்க் கேட்ட பூர்ணிமாவைச் சுற்றி ஊரே கூடிக்கொண்டது. கேலி, சீட்டி. இவ்வளவு அக்கறை இருந்தால் தினமும் வந்து எங்கள் முற்றத்தைக் கூட்டிக் கொடு என்றார்கள். அப்போது அவர் வீட்டில் இரட்டைப் பெண் குழந்தைகள், நடக்கப் பழகிய வயது. விழுந்து கிடந்த குஞ்சுகளில் தன் பிள்ளைகளைத்தான் கண்டதாகப் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு அவர் எடுத்த முடிவைத்தான் நான் தங்கைக்கு இரண்டு தரம் சொன்னேன். ஆராய்ச்சிப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். பறவையே இல்லாமல் போனபின் பறவையைப் பற்றி ஒரு தடிப் புத்தகம் எழுதி என்ன பிரயோஜனம்? மரம் ஆண்கள் பெயரில் இருந்தது. ஆனால் முற்றத்தைக் கூட்டுகிறவள் பெண். எனவே அவர் பெண்களிடம் போனார். பறவையைப் பற்றிப் பிரசங்கம் செய்தால் யார் வருவார்கள்? சமையல் போட்டி வைத்தார். பெண்கள் வந்தார்கள். பேச்சோடு பேச்சாகப் பறவையும் வந்தது. கூடு கட்டும் காலத்தில் ஹர்கிலாவுக்கு வளைகாப்பு மாதிரி ஒரு சடங்கு ஏற்பாடு செய்தார். வயிற்றுப் பிள்ளையோடு இருக்கிறவளைச் சபிக்க எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? மரத்தடியில் வலை கட்டி, விழும் குஞ்சைப் பிடித்துக் காப்பாற்றினார்கள். தறியும் நூலும் வாங்கிக் கொடுத்தார். ஹர்கிலா உருவம் போட்ட சேலையை நெய்து விற்று அந்தப் பெண்கள் நாலு காசு பார்த்தார்கள். தங்களை ‘ஹர்கிலா சேனை’ என்று அழைத்துக்கொள்கிறார்கள். சேனையில் பத்தாயிரம் பெண்களுக்கு மேல்.

அந்த வட்டாரத்தில் தாதரா, பசரியா, சிங்கிமாரி ஆகிய மூன்று கிராமங்களிலும் ஆரம்பத்தில் 28 கூடுகள். பிறகு 250-ஐத் தாண்டிவிட்டது. 2023-ல் உலகப் பட்டியலில் ‘அழியும் ஆபத்தில் உள்ளது’ என்ற வகுப்பிலிருந்து ஹர்கிலா இரண்டு படி மேலே ஏறி, ‘ஆபத்தை நெருங்கியது’ என்ற வகுப்புக்கு வந்தது. பூர்ணிமாவுக்கு 2017-ல் விட்லி விருது, அதே ஆண்டுக்கான நாரீ சக்தி விருது, 2022-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் பூமியின் நாயகர் விருது, 2024-ல் விட்லி தங்க விருது. மூடி வைத்த ஆராய்ச்சியை மறக்கவில்லை. 2019-ல் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார்.

தங்கை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “ரெட்டைப் பிள்ளைகளை யாரு பாத்துக்கிட்டாக?” என்று மட்டும் கேட்டாள். அவள் கணக்கு அவளுக்கு.

சோறு போடுமா?

மழுப்பாமல் சொல்கிறேன். எம்.எஸ்ஸி. முடித்த பெண்ணுக்கு நேரான வாசல் ‘நெட்’ பரீட்சை. மத்திய அரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலும் பல்கலைக்கழக மானியக் குழுவும் சேர்ந்து, உயிர் அறிவியல் பாடத்தில் ஆண்டுக்கு இரண்டு தடவை நடத்துவது. அதில் இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருஷம் கழித்து, வேலை திருப்தியாக இருந்தால் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. மொத்தம் ஐந்து வருஷம். இந்தத் தொகையைக் கேட்டதும் தங்கை நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் எழுதாமல் இருக்க முடியாது.

ஆனால் பரீட்சை கடினம். முதல் தடவையிலேயே தேறுகிறவர்கள் கொஞ்சம். தேறாத நாளில் ஏதாவது ஆராய்ச்சித் திட்டத்தில் உதவியாளராகச் சேரலாம். சம்பளம் குறைச்சல், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். டாக்டர் பட்டம் வாங்கியபின் கல்லூரி ஆசிரியர் வேலை, வனத்துறைத் திட்டங்கள், ஆராய்ச்சி நிறுவனங்கள் என்று வழிகள் உண்டு. நிரந்தர வேலை சொற்பம்தான். இதை மறைத்துப் பிள்ளையை அனுப்பினால் பிறகு அவள்தான் தனியாக அழுவாள்.

எங்கே படிப்பது? வனவிலங்கு உயிரியலுக்கென்றே மயிலாடுதுறை மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரியில் பாடம் இருக்கிறது. கோயமுத்தூரில் சாலிம் அலி பெயரில் 1990-ல் தொடங்கிய பறவையியல் மையம் உண்டு. இப்போது அது டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தோடு சேர்ந்தது. 1883 முதல் இருக்கிற பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நம் கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையம் மாட்டி விடுகிறது. அங்கே பல ஆண்டுகள் அந்த வேலையைச் செய்த டாக்டர் எஸ். பாலச்சந்திரன், மண்டபம் கடற்கரைப் பறவைகளை ஆராய்ந்தவர். நம் பழைய ஜில்லாவின் கடற்கரைதான்.

ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். பறவையைப் பிடிக்கவோ, கூட்டைத் தொடவோ, சரணாலயத்துக்குள் ஆராய்ச்சி செய்யவோ வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். 1972 வனவிலங்குச் சட்டம் கண்டிப்பானது. எண்ணிப் பழக வேண்டுமானால் யாரையும் கேட்க வேண்டாம், உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையே போதும். 1987 முதல் ஆசிய நாடுகள் பலவற்றில் ஜனவரி தோறும் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். தமிழ்நாடு வனத்துறையும் பறவைக் கணக்கெடுப்புக்குக் கல்லூரிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறது. எங்கள் பெண் முதலில் போனது அப்படித்தான்.

வெடிக்காத ஊர்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் வேட்டங்குடி போனோம். “பறவையைப் பாக்கவா? நான் வரலை” என்றவள், “பிள்ளையார்பட்டி பக்கத்துலதான்” என்றதும் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். மதுரை போய், திருப்பத்தூர் பஸ் பிடித்துப் போனோம். சிவகங்கை ஜில்லா.

மூன்று கண்மாய்கள் சேர்ந்தது வேட்டங்குடி சரணாலயம், மொத்தம் 38.4 ஹெக்டேர். 1977-ல் அறிவித்தார்கள். கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், நீர்க்காகம் என்று கிளை தெரியாமல் கூடு. குஞ்சுகளின் சத்தம் சந்தைக் கடை மாதிரி. எச்சத்தால் இலையெல்லாம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்துக் கிடந்தது.

கரையில் நின்றுதான் மகள் விஷயத்தைச் சொன்னாள். இந்தக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பல தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கல்யாணத்துக்கும் கிடையாது, கோயில் விசேஷத்துக்கும் கிடையாது. தீபாவளிக்கு வனத்துறைக்காரர்கள் இனிப்போடு வந்து அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். காரணம் எளிது. ஐப்பசியில் தீபாவளி. ஐப்பசியில்தான் அடைமழை. கண்மாய் பெருகிப் பறவை வந்து இறங்கிக் கூட்டுக்கு மரம் பார்க்கிற நேரமும் அதுதான்.

தங்கை முகம் மாறிவிட்டது.

“இதுக்குத்தான் என்னையக் கூட்டியாந்தியா? நான் பின்னுற சரம் பாவம்னு சொல்லவா?”

அவள் கோபத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பு சேர்த்த பட்டாசுகளைத் தடுத்து, தீபாவளிக்கு வெடிக்க இரண்டு மணி நேரம் என்று கட்டுப்படுத்தியது. அந்தத் தீர்ப்புக்குப் பின் சிவகாசி வட்டாரத்தில் ஆபீசுகள் மூடிக் கிடந்த மாதங்களில் தங்கை வீட்டில் கூலி இல்லை. வளையல் அடகுக்குப் போனது. “கணக்கெழுதிட்டுப் போறவக கடைசியில கோர்ட்டுக்குத்தான் போவாக. ஆபீசை மூடுவாக. எம் பிள்ளையே அந்தக் கணக்கை எழுதணுமா?” என்றாள். நாட்டுப் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு எங்கள் பக்கத்தில் செய்வது. அவள் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது.

மகள் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து ஹாலந்து நாட்டில் செய்த ஓர் ஆராய்ச்சியைச் சொன்னாள். அங்கே புது வருஷம் பிறக்கிற நள்ளிரவில் ஊர் முழுக்க வெடிப்பார்கள். மழை மேகத்தைக் கண்டுபிடிக்க வைத்திருக்கிற ராடாரில் தொடர்ந்து மூன்று வருஷம் பார்த்தார்கள். பன்னிரண்டு மணி அடித்த சிறிது நேரத்தில் ஆயிரக்கணக்கான பறவைகள் இருட்டில் எழும்பி, 500 மீட்டர் உயரத்தில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் சுற்றின. பெரும் கூட்டங்கள் எழும்பியது புல்வெளிகளிலிருந்தும் நீர்நிலைகளிலிருந்தும்தான். 2011-ல் வெளியான ஆராய்ச்சி அது.

“அங்க ராடார் இருந்துச்சு, பாத்தாக. நம்ம பக்கம் யாரும்மா பாத்தா? கண்மாயிலருந்து எவ்வளவு தூரத்துல வெடிச்சா கூடு தாங்கும், எந்த மாசம் தாங்காது, சரவெடிக்கு எந்திரிக்கிற பறவை மத்தாப்புக்கு எந்திரிக்குமா, எந்திரிச்சுப் போனா திரும்ப வந்து முட்டைல உக்காருமா... இதெல்லாம் எண்ணிச் சொன்னா, மொத்தமா மூடுன்னு சொல்ல வேண்டியது வராது. இந்த இடத்துல, இந்த மாசத்துல வேண்டாம்னு சொன்னாப் போதும். சரம் பின்னுனவ மகதான் அதை நியாயமா எண்ணுவா. நான் படிச்சதே சரத்துலதானேம்மா.”

தங்கை கண்மாயைப் பார்த்தபடி நின்றாள். எங்கள் ஊரில் பகல் வேளையில் ‘டம்’ என்று பெரிய சத்தம் கேட்டால், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் வாசலுக்கு ஓடி வந்து எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள். அந்தத் திசையில் யார் வீட்டுப் பிள்ளை வேலைக்குப் போயிருக்கிறது என்று மனசு கணக்குப் போடும். சத்தத்துக்குத் திடுக்கிடுவது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஆனால் அவள் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. மகளும் மேலே பேசவில்லை. இப்போது வரைக்கும் இந்தப் பேச்சு அவர்களுக்குள் முடிந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பறவை எண்ணுவது எப்படி என்று கேட்டேன், பேச்சை மாற்றத்தான். ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணுவதில்லையாம். முதலில் பத்துப் பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த அளவைக் கூட்டத்தின்மேல் எடுத்து எடுத்து வைத்துப் போக வேண்டும். கூட்டம் பெரிதானால் நூறு நூறாக. பறக்கிற கூட்டத்துக்கும் அதே முறைதான், கொஞ்சம் வேகமாக.

அந்த நேரம் பார்த்துக் கிழக்கேயிருந்து ஒரு வெள்ளைக் கூட்டம் வந்து எங்கள் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி அக்கரை மரத்தில் இறங்கியது. மகள் உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாள். தங்கை சாதாரணமாக, “ஒரு குரோசுக்குக் கொஞ்சம் குறைச்சல். நூத்தி முப்பது இருக்கும்” என்றாள்.

மகள் தன் நோட்டைப் பார்த்தாள். நூற்று இருபத்தெட்டு.

தீப்பெட்டி ஒட்டிய காலத்தில் குரோஸ் கணக்கில் கூலி வாங்கியவள். ஒரு குரோஸ் நூற்று நாற்பத்து நான்கு. குவியலைப் பார்த்ததும் ஒன்று குறைந்தாலும் சொல்லிவிடுவாள். சொல்லாவிட்டால் கூலி போய்விடும். எங்கள் இருவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. அவளும் சிரித்துவிட்டாள். பிறகு சாயங்காலம்வரை, “இதை எழுதிக்கிட்டியா, அதை எழுதிக்கிட்டியா” என்று மகளை ஒரு வழி பண்ணிவிட்டாள். பிள்ளையார்பட்டிக்குப் போகும்போது நடை சாத்த அரை மணி நேரம்தான் இருந்தது.

கரையில் நிற்கிற பெண்ணுக்கு

திரும்பி வரும்போது பஸ்ஸில் தங்கை கேட்டதெல்லாம் உடம்பைப் பற்றித்தான். கேட்க வேண்டிய கேள்விகள்தான்.

விடியற்காலையில் எண்ணுவதும் சாயங்காலம் எண்ணுவதும் நல்லது. உச்சி வெயிலில் பறவையும் ஒதுங்கும், நாமும் ஒதுங்க வேண்டும். அகல விளிம்புத் தொப்பி, முழுக்கை உடுப்பு, மங்கலான நிறம். வெறும் வயிற்றோடு போகக் கூடாது. கம்பங்கூழோ நீராகாரமோ குடித்துவிட்டுப் போகலாம். கழிப்பறை இல்லையே என்று பல பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். அது நீர்க்கடுப்பில் கொண்டு விடும். தண்ணீரைக் குடியுங்கள். பக்கத்து ஊரில் ஒரு வீட்டுப் பெண்ணைச் சிநேகம் பிடித்துக்கொண்டால் அந்தக் கஷ்டம் தீரும், ஊர்ச் செய்தியும் தானாக வரும். மாதவிடாய் நாட்களுக்கு மாற்றுத்துணியும் ஒரு மூடிய பையும் எப்போதும் கூடவே இருக்கட்டும். கண்மாய்க் கரையில் பாம்பு உண்டு, கணுக்கால் மூடும் ஷூ அவசியம். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். நேரே அரசு ஆஸ்பத்திரிதான். தனியாகப் போகாமல் துணையோடு போவது நல்லது.

இன்னொன்று. செத்துக் கிடக்கும் பறவையைக் கையால் தொடவே கூடாது, இரக்கப்பட்டுப் புதைக்கவும் கூடாது. பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். வனத்துறைக்கோ கால்நடை ஆஸ்பத்திரிக்கோ தகவல் சொல்லிவிட்டு விலகி நிற்க வேண்டும்.

மகள் இப்போது ‘நெட்’ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு வருஷம் கெடு; அதற்குள் தேறாவிட்டால் பி.எட். என்று தாய்க்கும் மகளுக்கும் ஓர் உடன்பாடு. நான்தான் மத்தியஸ்தம். போன வாரம் தங்கையிடமிருந்து போன் வந்தது. தொப்பி விருதுநகரில் எந்தக் கடையில் மலிவு என்று கேட்டாள். எத்தனை வேண்டும் என்றேன்.

“ரெண்டு வாங்கி வையிக்கா” என்றாள்.